கண்டம் விட்டுக் கண்டம் ஆடும் கால்பந்து வீரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடோடி வீரர் என்று யாரைச் சொல்கிறோம்?

எந்தக் கிளப்பிலும் வேர் பிடிக்காமல், ஆறு மாதம், ஓராண்டு என்ற சின்னச் சின்ன ஒப்பந்தங்களில் நாடு நாடாகப் போய் ஆடிப் பிழைப்பவரை. ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானென்ஷ்டீல் இந்தக் கூட்டத்தின் தலைமகன். உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் வீரர் அவர். 2008-இல் பிரேசில் கிளப் ஒன்றில் சேர்ந்தபோது அந்த வட்டம் நிறைவடைந்தது. உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு 2017-இல் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவுக்குப் போனபோது அது அவருடைய 26-வது கிளப். கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை.

பெயர் பெற்றவர்களும் இப்படி அலைவதுண்டு. கெய்சுகே ஹோண்டா ஜப்பான், நெதர்லாந்து, ரஷ்யா, இத்தாலி, மெக்சிகோ, ஆஸ்திரேலியா, பிரேசில், அஜர்பைஜான், லித்துவேனியா என்று ஆடியிருக்கிறார். ஆனால் ஹோண்டா விரும்பிப் போனவர். இந்தப் பக்கம் வேறு வழியில்லாமல் போகிறவர்களுக்கானது.

இத்தனை கிளப் மாறுவது திறமைக் குறைவாலா?

பெரும்பாலும் இல்லை. பல லீகுகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணி வைத்த இடங்கள்தான் உண்டு. அந்த இடத்தில் வருபவர் உள்ளூர்க்காரரைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மேலானவராக இருக்க வேண்டும். கோல் அடிப்பதே வேலையான ஸ்ட்ரைக்கர் ஐந்து ஆட்டத்தில் கோல் அடிக்காவிட்டால் அடுத்த பதிவுக் காலத்திலேயே (புதிய வீரர்களைச் சேர்க்க அனுமதி உள்ள நாட்கள்) ஆள் மாற்றுவார்கள். பயிற்சியாளர் மாறினால், புதியவர் தனக்குத் தெரிந்த வெளிநாட்டவரைக் கூட்டி வருவார். நன்றாக ஆடியும் கிளப்பிடம் பணம் தீர்ந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

எந்த இடத்தில் ஆடுபவருக்கு வாய்ப்பு அதிகம்?

ஸ்ட்ரைக்கர், சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்), அதற்கடுத்து தடுப்பு மிட்ஃபீல்டர். வெளிநாட்டு இடத்தைப் பக்கவாட்டுத் தடுப்பாளரான ஃபுல்பேக்குக்குச் செலவிடக் கிளப்புகளுக்கு மனம் வராது. கோல்கீப்பர்கள் முதலில் நாட்டின் விதியைப் பார்க்க வேண்டும். தென்கொரிய லீக் 1999 முதல் வெளிநாட்டு கோல்கீப்பர்களைத் தடை செய்திருந்தது. 2026 சீசனுக்குத்தான் அதை விலக்க முடிவெடுத்தது. சீனாவிலும் இப்படியொரு தடை இருந்தது.

ஒரு சீசனில் எத்தனை கிளப்புகளுக்கு ஆடலாம்?

மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆடலாம். இது ஃபிஃபாவின் வீரர் பதிவு விதி. ஒரு கிளப் தன் வீரரை இன்னொன்றுக்குச் சில காலம் இரவல் தரும் லோனும் பதிவுக் கணக்கில் சேரும்.

இந்த விதி கழுத்தைப் பிடித்தவர்களில் பிரெஞ்சு வீரர் ஹதெம் பென் அர்ஃபா முக்கியமானவர். 2014-15 சீசனில் இங்கிலாந்துக் கிளப்பான நியூகாசிலின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு ஹல் சிட்டிக்கு லோனில் போனார். ஜனவரியில் பிரான்சின் நீஸ் கிளப்புடன் கையெழுத்திட்டார். இளையோர் அணி ஆட்டமும் அதிகாரபூர்வ ஆட்டம்தான் என்று கணக்கிட்டதால் நீஸ் மூன்றாவது கிளப் ஆகிவிட்டது. மிச்ச சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. ரிசர்வ் அணிக்கு இறங்கி ஒரு 45 நிமிடம் ஓடு என்று பயிற்சியாளர் சொல்லும்போது, கிளப் மாறும் எண்ணம் இருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. ஆகஸ்ட் முதல் மே வரை சீசன் நடத்தும் நாட்டிலிருந்து வசந்த காலத்தில் தொடங்கி ஆண்டிறுதியில் முடிக்கும் நாட்டுக்குப் போனால், சீசன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மூன்றாவது கிளப்புக்கும் ஆட அனுமதி கிடைக்கலாம். தானாகக் கிடைத்துவிடாது. பழைய கிளப்புகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்க வேண்டும். ஆட்டங்களின் தேதிப் பட்டியலோடு புதிய கிளப் தன் நாட்டுக் கால்பந்துச் சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

பதிவுக் காலம் முடிந்துவிட்டால் வழியே இல்லையா?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வேறு நாட்டின் விண்டோ, அதாவது அங்குள்ள பதிவுக் காலம். நீங்கள் போகும் நாட்டின் கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. விட்டுப்போகும் நாட்டில் மூடியிருப்பது தடையாகாது. ஐரோப்பாவின் பெரிய லீகுகள் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ மூடிக்கொண்டாலும், நார்வே, ஸ்வீடன் போன்ற வசந்த கால லீகுகளில் மார்ச் வரை திறந்திருக்கும். ஏஜென்ட்களின் பிப்ரவரி மாதம் முழுக்க இதிலேயே போய்விடும்.

இரண்டாவது, எந்தக் கிளப்புடனும் ஒப்பந்தமில்லாத ஃப்ரீ ஏஜென்ட்டுக்கான விலக்கு. பதிவுக் காலம் முடிவதற்கு முன்பே பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தால், விண்டோ மூடிய பின்னும் சேர்க்க அந்தச் சங்கம் அனுமதிக்கலாம். தேதிதான் எல்லாம். விண்டோ மூடிய மூன்றாம் நாள் பேசி முடித்து ஒப்பந்தத்தை ரத்து செய்தவர் அடுத்த விண்டோ வரை வீட்டில் உட்கார நேரிடும்.

கடைசி நிமிடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் போர்ச்சுகல் வீரர் அட்ரியன் சில்வாவை மறக்க வேண்டாம். 2017 ஆகஸ்ட் இறுதியில் அவருடைய காகிதங்கள் ஃபிஃபாவின் கணினி அமைப்புக்கு 14 விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்கு ஆட ஜனவரி வரை காத்திருந்தார்.

நாடு மாறும்போது காகித வேலை எந்த வரிசையில் நடக்கும்?

ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், புதிய கிளப் உங்களோடு பேசும் முன் பழைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நீங்கள் யாருடனும் கையெழுத்திடலாம்.

பிறகு மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகு கையெழுத்து. இந்த வரிசை மாறவே கூடாது. மருத்துவத்தில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட ஃபிஃபா விதி இடம் கொடுப்பதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, பத்து நாள் பயிற்சியில் பார்த்துவிட்டு, முழங்கால் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் கிளப்புகள் இருக்கின்றன. அப்படி நடந்தால் அது ஒப்பந்த மீறல்; இழப்பீடு கேட்கலாம்.

கையெழுத்துக்குப் பின் புதிய கிளப் டிஎம்எஸ் என்ற ஃபிஃபா அமைப்பில் விவரங்களை ஏற்றும். தொழில்முறை ஆண் வீரர்களின் சர்வதேச மாற்றங்களுக்கு 2010 அக்டோபர் முதல் இது கட்டாயம். பாஸ்போர்ட் நகல், புதிய ஒப்பந்தம், பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, உங்கள் மீது மூன்றாம் நபர் யாருக்கும் உரிமைப் பங்கு இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை தேவை. அதன்பின் புதிய நாட்டுச் சங்கம் பழைய நாட்டுச் சங்கத்திடம் சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழைக் கேட்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் ஏமாற்று.

சிக்கல் பெரும்பாலும் சில்லறை விஷயத்தில் வரும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் எழுத்து, பழைய பதிவில் வேறு எழுத்து. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது. இடையில் எங்கோ அமெச்சூராக ஆடிய நான்கு மாதம் பதிவில் விடுபட்டிருப்பது. உங்கள் பதிவு வரலாற்றைப் பழைய சங்கத்திடமிருந்து முன்பே வாங்கிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

23 வயதுக்குள் இருப்பவரை எடுக்கச் சின்னக் கிளப்புகள் ஏன் தயங்குகின்றன?

பயிற்சி இழப்பீடு. 12 முதல் 21 வயது வரை உங்களை வளர்த்த கிளப்புகளுக்கு, 23 வயதாகும் ஆண்டு முடியும் வரை புதிய கிளப் பணம் கட்ட வேண்டி வரலாம். சம்பளமே சொற்பமாக இருக்கும் கிளப் அந்தத் தொகையைப் பார்த்ததும் பின்வாங்கும். பழைய கிளப்பை விட்டுக் கிளம்பும்போதே, இழப்பீடு கோரமாட்டோம் என்று கடிதம் வாங்கி வைத்தால் பல கதவுகள் திறக்கும். கிளம்பிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

18 வயது நிறையாதவர்களுக்கு, சில குறுகிய விலக்குகள் தவிர, சர்வதேச மாற்றமே தடை.

எந்த நாட்டுக்குள் நுழைவது எளிது?

கால் திறமையைவிட பாஸ்போர்ட் இங்கே அதிகம் பேசும். ஸ்பெயினின் முதல் லீகில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு கிளப்பில் மூன்று இடம்தான். ஜெர்மனி 2006-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. பெல்ஜியத்திலும் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் சட்டம் நிர்ணயித்த உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும். நெதர்லாந்திலும் அப்படித்தான். இங்கிலாந்தில் தேசிய அணி ஆட்டங்கள், ஆடிய லீகின் தரம், ஆடிய நிமிடங்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு 15 எடுத்தால் அனுமதி. அமெரிக்காவின் முதல்நிலை லீகான எம்எல்எஸ்ஸில் கிளப்புக்கு 8 வெளிநாட்டு இடங்கள். அவற்றைக் கிளப்புகள் தங்களுக்குள் விற்று வாங்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஆசியாவில் நெடுங்காலம் மூன்று வெளிநாட்டவர், கூடவே ஓர் ஆசிய நாட்டவர் என்ற கணக்கு இருந்தது. ஆசியக் கிளப் போட்டிகளின் மேல்மட்டம் 2024-25 சீசனில் வரம்பை நீக்கினாலும், ஆசியருக்கென்று தனி இடம் வைத்திருக்கும் உள்நாட்டு லீகுகள் இன்னும் உண்டு. சிலியில் பிறந்த பாலஸ்தீன வம்சாவளி வீரர்கள் ஆசியர் கணக்கில் தென்கிழக்கு ஆசியாவில் ஆடுவதற்குப் பின்னால் இருப்பது இதுதான். தாத்தா பாட்டி வழியில் இன்னொரு குடியுரிமைக்குத் தகுதி உண்டா என்று ஏஜென்டைத் தேடுவதற்கு முன்பே பாருங்கள்.

ட்ரயலுக்கு (ஆளைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சிக்கு) ஒரு கிளப் கூப்பிடுகிறது என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கேட்கிறார்களா என்பதுதான் முதல் சோதனை. விசா கட்டணம், பதிவுக் கட்டணம், முகாம் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நம்ப வேண்டாம். அழைப்புக் கடிதம் வந்தால் அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். கிளப்பின் அதிகாரபூர்வ தளத்திலுள்ள எண்ணையோ அந்நாட்டு வீரர் சங்கத்தையோ கூப்பிட்டுக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வரச் சொல்வதும் கெட்ட அறிகுறி.

உண்மையான ட்ரயல் என்றாலும் எத்தனை நாள், தங்குமிடம் யார் பொறுப்பு, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது என்பதை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒப்பந்தமில்லாத வீரருக்கு ட்ரயலில் தசைநார் அறுந்தால் காப்பீடு இல்லாமல் நிற்க வேண்டியதுதான். ஐந்து நிமிடத் தொகுப்பு வீடியோவோடு, வெட்டாத முழு ஆட்டங்கள் இரண்டு மூன்றையும் அனுப்புங்கள். தோற்ற ஆட்டம் ஒன்று இருந்தால் நல்லது. தொகுப்பில் எல்லோரும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், அதை வைத்து, கிளப்புக்கு ஆள் தேடும் எந்த ஸ்கவுட்டும் முடிவெடுப்பதில்லை.

ஏஜென்ட் தேவையா?

தெரியாத கண்டத்துக்குப் போக, தேவை. 2023 அக்டோபர் முதல் ஃபிஃபா லைசென்ஸ் இல்லாதவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது. லைசென்ஸ் உண்டா என்று ஃபிஃபா தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. கமிஷனுக்கு ஃபிஃபா வைத்த உச்சவரம்பு நீதிமன்ற வழக்குகளால் 2023 டிசம்பர் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் சதவீதத்தை எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஒப்பந்தத் தொகையில் கணக்கா, கையில் வந்த தொகையில் கணக்கா என்பதையும் எழுதுங்கள். கிளப் சம்பளம் தராத மாதங்களுக்கும் கமிஷன் கொடுத்த வீரர்கள் இருக்கிறார்கள்.

கிளப் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பள எண்ணைக் கடைசியில் பாருங்கள். அந்த எண் வந்து சேருமா என்பதைத் தீர்மானிக்கும் வரிகள் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் தேதி. ‘மாதச் சம்பளம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த நாளுக்குள் என்று வேண்டும். நிலுவைக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அடுத்து நாணயம். பணவீக்கம் ஓடும் நாட்டில் உள்ளூர் நாணயத்தில் கையெழுத்திட்டால் சீசன் முடிவதற்குள் சம்பளம் தேய்ந்துவிடும். டாலர் அல்லது யூரோ என்று எழுதி, உள்ளூர் நாணயத்தில் தருவதானால் எந்த வங்கியின் எந்த நாள் மாற்று விகிதம் என்பதையும் சேருங்கள். வரி பிடித்தபின் கிடைக்கும் தொகையா, முன்பான தொகையா என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்.

பிறகு, சம்பளம் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய தொகையை வேலை ஒப்பந்தத்திலும் பெரிய தொகையை ‘பட உரிமை’ (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) ஒப்பந்தத்திலும் பிரித்து எழுதும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தகராறு வந்தால் பட உரிமைத் தொகை சம்பளமே இல்லை என்று கிளப் வாதாடும். சங்கத்தில் பதிவு செய்வது ஒரு காகிதம், அலமாரியில் இருப்பது வேறு காகிதம் என்றாலும் இதே வம்புதான்.

ஒருபக்க உரிமைகளைத் தேடுங்கள். ‘கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கலாம்’, ‘ஒரு மாதச் சம்பளம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்’ என்ற வரிகள் உங்களுக்கும் சமமாகத் திருப்பி எழுதப்படவில்லை என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள். வீட்டு வாடகை, விமான டிக்கெட் எத்தனை, எத்தனை பேருக்கு, காயத்துக்கான அறுவை சிகிச்சை எந்த நாட்டில் என்பனவும் எழுத்தில் வேண்டும்.

கடைசியாக, தகராறை யார் தீர்ப்பது? வெளிநாட்டு வீரருக்கும் கிளப்புக்கும் இடையிலான வழக்கை ஃபிஃபா தீர்ப்பாயம் விசாரிக்கும். ஆனால் உள்நாட்டு நடுவர் மன்றம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கதவு மூடிவிடக்கூடும். வம்சாவளிக் குடியுரிமையில் அந்த நாட்டு வீரராகவே பதிவாகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்: தகராறின் சர்வதேசத் தன்மையே போய்விடலாம்.

சம்பளம் வரவில்லை. என்ன செய்வது?

இது அரிதான துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். உலக வீரர் சங்கமான ஃபிஃப்புரோ 2016-இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் நடத்திய ஆய்வில், 41 சதவீதம் பேர் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளத் தாமதத்தைச் சந்தித்திருந்தார்கள்.

கோபத்தில் விமானம் ஏறுவதுதான் மிகப் பெரிய தவறு. வேலையை விட்டு ஓடியவர் என்று கிளப் உங்கள் மீதே வழக்குப் போடும். வழி இதுதான். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாக வேண்டும். செப்டம்பர் 30, அக்டோபர் 31 ஆகிய இரு தேதிகளும் பணம் வராமல் கடந்தால், நவம்பர் 1 அன்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு, முழுவதும் கட்ட குறைந்தது 15 நாள் அவகாசம் என்பவை அதில் இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் கூரியரிலும் அனுப்புங்கள். அந்த 15 நாளும் பயிற்சிக்குத் தவறாமல் போங்கள். ஒரு நாள் வராவிட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள். கெடு முழுதாகக் கடந்த பிறகு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கிறேன் என்று இரண்டாவது கடிதம். பிறகு கிளம்பலாம்.

வழக்கை ஃபிஃபாவின் சட்டத் தளம் வழியாக இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வீரருக்குக் கட்டணமில்லை. நிலுவையோடு, ஒப்பந்தத்தின் மிச்சக் காலச் சம்பளமும் இழப்பீடாகக் கிடைக்கலாம். அந்தக் காலத்தில் புதிய கிளப்பில் சம்பாதிப்பதைக் கழித்துக்கொள்வார்கள். தீர்ப்புக்குப் பின் 45 நாளில் கட்டாத கிளப்புக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழும், மூன்று பதிவுக் காலம் வரை. பணம் பெரும்பாலும் அந்தத் தடையின் பயத்தில்தான் வருகிறது.

எந்தக் காகிதத்திலும் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திடாதீர்கள், பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாலும்.

முதல் அணியிலிருந்து விலக்கித் தனியாக ஓட விடுகிறார்கள்.

ஒப்பந்தத்தை நீங்களாகவே விட்டுப் போக வைக்கும் பழைய உத்தி. காலை ஆறு மணிக்கு ஒரு பயிற்சி, இரவு ஒரு பயிற்சி, உடைமாற்றும் அறைக்குச் சாவி இல்லை என்று போகும். இப்படி நெருக்குவதை ஃபிஃபா விதி முறையற்ற நடத்தையாகவே பார்க்கிறது. சொன்ன நேரத்துக்குப் போங்கள், தேதியிட்டுக் குறித்து வையுங்கள், அணியோடு பயிற்சி தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கிளப் வாங்கி வைத்துக்கொள்கிறது. சரியா?

விசா முத்திரைக்குச் சில நாள் என்றால் சரி, ரசீதோடு. அதற்கு மேல் கூடாது. கத்தாரில் ஆடிய ஸாஹிர் பெலூனிஸ் சம்பள வழக்குத் தொடர்ந்ததால், வெளியேறும் அனுமதி கிடைக்காமல் நெடுநாள் அங்கேயே சிக்கி, 2013 நவம்பரில்தான் நாடு திரும்பினார். நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு விஷயத்தில் எது ஏமாற்றும்?

நாட்காட்டிதான். நவம்பரில் ஒரு சீசனை முடித்து ஜனவரியில் வேறு கண்டத்தில் நடு சீசனில் இறங்கினால், ஓய்வும் இல்லை, சீசனுக்கு முந்தைய பயிற்சியும் இல்லை. தொடைப் பின்தசைக் காயங்கள் இந்த மாதங்களில்தான் வரிசைகட்டும். கையெழுத்துக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையில் மூன்று வாரம் கேட்டுப் பாருங்கள்.

உயரம் இன்னொன்று. பொலிவியாவின் லா பாஸ் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல்; ஈக்வடாரின் கீட்டோ 2,850 மீட்டர். அங்கே குடியேறி ஆடப்போனால் முதல் இரு வாரம் தூக்கம் கெடும், பந்தும் பழகியதைவிட வேகமாகப் பறக்கும். போகுமுன் ரத்தத்தில் இரும்புச்சத்து அளவைப் பாருங்கள்.

உணவிலும் பானத்திலும் ஊக்கமருந்துச் சிக்கல் ஒளிந்திருக்கும். மலைநாடுகளில் தலைசுற்றலுக்குத் தரும் கோகா இலைத் தேநீர், கோகைன் சோதனையில் தடயம் காட்டும். பெரு கேப்டன் பாவ்லோ குரேரோ 2017-இல் சிக்கியபோது, அறியாமல் குடித்த தேநீர்தான் காரணம் என்று வாதாடினார். அப்படியும் தடை விழுந்தது. 2011-இல் மெக்சிகோ வீரர்கள் ஐவரின் மாதிரியில் தடை செய்யப்பட்ட கிளென்பியூட்டரால் என்ற மருந்து இருந்தது, இறைச்சி வழியாக. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைக்கூட அணி மருத்துவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

யாரோ ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் பேசுகிறார்.

மறுத்தால் மட்டும் போதாது. தகவல் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. அன்றைக்கே லீகின் நேர்மைப் பிரிவுக்கோ ஃபிஃபாவின் ரகசியப் புகார்த் தளத்துக்கோ எழுதுங்கள். சம்பளம் நின்றுபோன கிளப்புகளைத்தான் இவர்கள் முதலில் தேடி வருவார்கள்.

வரி?

ஆடிய இடத்தில் வரி என்பதுதான் விளையாட்டு வீரர்களுக்கான பொது வழக்கம். கிளப் கட்டிவிடும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், ஆண்டுதோறும் கட்டியதற்கான சான்றிதழைக் கையில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த நாட்டிலோ சொந்த நாட்டிலோ அதே வருமானத்துக்கு இன்னொரு முறை கேட்பார்கள். ஓய்வூதியக் கணக்கில் பிடித்தம் செய்திருந்தால், கிளம்பும்போது கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும் பணம் அது.

பழைய ஒப்பந்தங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

வழக்குப் போட இரண்டு ஆண்டு என்பது ஃபிஃபா கணக்கு. வரி அலுவலகங்களின் கணக்கு அதைவிட நீளம். எல்லாவற்றையும், சம்பளச் சீட்டுகளோடு, ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். கிளப் கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் மட்டும் வைக்காதீர்கள். நீங்கள் கிளம்பும் நாளில் அதை மூடிவிடுவார்கள்.